அடி வாங்கிய ஹெல்மெட்

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போர்வையை உதறிவிட்டு சைக்கிளை எடுக்கிறவன் பெரிய கெட்டவனாக இருக்க மாட்டான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், சார்.

என் வேலை சைக்கிள் ஹெல்மெட்களைச் சோதிப்பது. உள்ளே ஓர் இரும்புத் தலையை மாட்டி உயரத்திலிருந்து கீழே விடுவேன். அடி எவ்வளவு இறங்கியது என்று கருவி சொல்லும். எந்த ஹெல்மெட்டும் ஒரே ஓர் அடியைத்தான் தாங்கும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கிவிடும். வெளியே பல சமயம் கீறல்கூட இருக்காது. அதனால் சோதித்ததை இரண்டாக அறுத்துக் குப்பையில் போட வேண்டும். அறுப்பவனும் நான்தான்.

நாள் முழுக்க அது விழுகிற சத்தம். மேலாளர் எனக்கு ‘டமால்’ என்று பெயர் வைத்தார். ஆபீஸ் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது. பொறுத்துக்கொண்டேன். சம்பளம் கொடுக்கிற இடத்தில் நாலு பேச்சு கேட்கத்தான் வேண்டும்.

சைக்கிள் குழுவில் கதை வேறு. அதை ஆரம்பித்தவன் நான். முன்னால் போகிறவனும் நான். பள்ளமோ மணலோ வந்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவேன். பின்னால் வருகிறவர்கள் அந்தக் கையை நம்பி ஒதுங்குவார்கள். அங்கே எல்லோருக்கும் நான் அண்ணன். சைக்கிள் மேல் குனிந்திருந்தாலும் என் முதுகு நிமிர்ந்திருந்தது அங்கே மட்டும்தான்.

தொப்பையைக் குறைக்க மேலாளரும் வந்து சேர்ந்தார். முதல் நாளே, டீ குடிக்க நின்ற இடத்தில், “என்ன டமால், இங்க நீதான் லீடராமே?” என்றார். பெயர் வந்த கதையை நடித்தும் காட்டினார். சிரித்தார்கள். அடுத்த வாரத்தோடு அண்ணன் போய்விட்டான்.

தனியாகக் கேட்டுப் பார்த்தேன். “சார், ஆபீஸ்ல எப்படி வேணா கூப்பிடுங்க. இங்க மட்டும் வேண்டாமே.”

“அட, இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே? விளையாட்டுக்குத்தானேப்பா” என்று முதுகில் தட்டினார்.

குழுவில் ஒருவருடைய பையன் என் மகளோடு படிக்கிறான். ஒருநாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள். “அப்பா, டமால்னா நீங்கதானா?” மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மேலாளரின் பிறந்தநாளுக்கு ஒரு ஹெல்மெட் பரிசளித்தேன். அறுக்க வேண்டிய ஒன்றைத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். “பரவாயில்லையே டமால்” என்று அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு சரிவில் இறங்கும்போது எனக்கு நேர் பின்னால் வந்தார். வளைவில் மணல் கொட்டிக் கிடந்தது. நான் ஒதுங்கினேன். கையைத் தாழ்த்தவில்லை. சத்தத்தை வைத்தே எவ்வளவு அடி என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

கோபத்தில் செய்தேன் என்று உங்கள் ஏட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கோபக்காரன் கண்மண் தெரியாமல் அடிப்பான். நான் ஆள் பார்த்துத்தான் கொடுத்தேன். குழுவில் சிரித்தவர்கள் எல்லோரிடமும் இப்போது இருப்பவை அறுக்க வேண்டிய ஹெல்மெட்கள்தான். குழுவில் வரும் பல் டாக்டர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கைக்காசு போட்டுப் புதுசு வாங்கினேன்.

என் வீட்டிலும் இரண்டு பேர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மகளுடையது புதுசு, அவள் கேள்வி மட்டும்தான் கேட்டாள்.

மனைவி சிரித்தாள்.