நான்காவது பதிவு

மின்சாரம் நிற்கும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு எதிர்பார்க்கிறவள் திருத்தணியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும்போது மட்டும் அவை அடங்கும். காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை. நான் பாடிப் பதிவு செய்வது அப்போதுதான். லேப்டாப் பேட்டரியில் ஓடும்.

நாற்பத்தாறு வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். மெட்டு, வாத்தியம், குரல், எல்லாம் நானே. என் கணவர் கோதண்டம் கேலி செய்வார். "இசையமைப்பாளர் அம்மா, சோறு வடிச்சிகினு மெட்டு போடுவீங்களா, மெட்டு போட்டுகினு சோறு வடிப்பீங்களா?" மைக் வாங்கித் தந்தவரும் அவர்தான். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகும், அன்றன்று நான் செய்ததைக் கேட்காமல் தூங்கமாட்டார்.

சென்னையில் ஒரு சிறிய இசை நிறுவனத்தில் வேலை பார்க்கும் சுதாகர், தறி ஓடும்போதே நான் பாடி அனுப்பிய மாதிரியை முழுதாகக் கேட்ட ஒரே வெளியாள். "பாட்டு நல்லாருக்குக்கா. பின்னால தறி ஓடிகினு கீது பாருங்க, அதான். சுத்தமா பாடி சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இத வுட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது" என்றார். அவர்கள் எடுத்துக்கொண்டால் இதை என் தொழில் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தொன்பது வயதில் அடுத்தது என்று ஒன்று கிடையாது.

மின்சாரம் நின்ற அந்தச் சனிக்கிழமை காலை என் கணவரே சொன்னார். "இன்னிக்கு நான் கூப்புட மாட்டேன். நீ பாடு."

பத்தேகாலுக்குத் தானே எழுந்து கழிவறைக்குப் போயிருக்கிறார். விழுந்த சத்தம் ஹெட்போனில் கேட்டது. பிறகு, "வரலு, கொஞ்சம் வாயேன்." என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அன்று ஒரே ஒரு முறை, மெதுவாக. பாட்டு பாதியில் இருந்தது. நிறுத்தினால் அந்தக் குரல் திரும்ப வராது. முடித்தேன். ஆனால் அவர் கூப்பிட்டது அதில் பதிந்திருந்தது. அதை அனுப்ப முடியாது. கதவைச் சாத்திவிட்டு மறுபடி பாடினேன்.

இரண்டாவதில் முனகல் இருந்தது. மூன்றாவதில் மூச்சு.

நான்காவதைத் தொடங்குமுன் மைக்கின் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்து கேட்டேன். பிறகு பாடினேன். சுத்தமாக வந்தது. அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். தலையில் அடி, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். எந்தப் பதிவு எத்தனை மணிக்கு என்று லேப்டாப்பிலேயே இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை சுதாகர் பதில் போட்டார். இன்னும் இளமையான குரல் வேண்டுமாம். இணையத்தில் நானே வெளியிட்டேன். இதுவரை முப்பத்தொரு முறை கேட்கப்பட்டிருக்கிறது. பாதி நான் கேட்டது.

என் கணவர் ஏன் கத்தவில்லை என்று கேட்டீர்கள். தறிகள் நின்றிருந்தன. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருந்தாலும் பக்கத்து வீட்டு ஜெகநாதன் ஓடிவந்திருப்பார். என் பதிவு கெட்டுவிடும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், மேடம்.

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.