விதைச் சாமையும் பிளாக்செயினும்

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மலைக்கார இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் திடீரென்று கேட்டான்.

"விதைச் சாமைய எல்லாரும் ஒரே வூட்லயா வெப்போம்?"

"வூட்டுக்கு வூடுதான் வெப்போம். ஒருத்தர்து பூச்சி அடிச்சாலும் ஊருக்கு விதை இருக்கும். இப்ப இன்னாத்துக்குடா அது?"

"நான் காசு போட்டு வெச்சிருந்த பழைய பிளாக்செயினும் அப்டித்தான். உலகம்பூரா கம்ப்யூட்டருங்கள்ல அதே கணக்கு இருக்கும், ஒண்ணு நின்னாலும் ஓடிக்கினு இருக்கும். காசு அனுப்ப ரொம்ப லேட்டாவுதுன்னு வேகமானதுக்கு மாத்துனேன். அத மொத்தமே நாலு பேருதான் ஓட்டுனானுங்களாம். நேத்து நிறுத்திட்டானுங்க. மாடு வித்த காசு போச்சு."

பக்கத்திலிருந்தவன் அவன் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் மாத்திக் குடுத்தியே, அதாடா?"

"அதச் சொல்லத்தான்டா உங்கூட பஸ் ஏறுனேன்."