மூடியில் எழுதிய பெயர்கள்

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன் நான். நான்காவது முறை இழுத்தால் அது வியாதி என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள், அதனால் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். அடுப்பை அணைத்ததற்குச் சாட்சியாகத் தினமும் அதைப் படம் எடுத்து வைக்கிறேன். என் கைப்பேசியில் எங்கள் கல்யாணப் படங்களைவிட அடுப்புப் படங்கள் அதிகம். "என்னை ஒரு நாளாவது இவ்வளவு ஆசையா படம் எடுத்திருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள். உன்னைப் படம் எடுக்காமல் போனால் வீடு பற்றி எரியாதே என்று ஒருமுறை பதில் சொன்னேன். எரியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விசாரணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது புரிகிறது. என்னை நீங்கள் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். ஆறு வருடமாகச் சேர்த்த செல்களை ஒரு ஆராய்ச்சியாளர் ஒரே மத்தியானத்தில் தன் கையாலேயே ஏன் அழித்தார், அவருக்கு இனி ஆய்வகத்தில் வேலை கொடுக்கலாமா கூடாதா, இதுதான் உங்கள் கேள்வி. ஏன் அழித்தாள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல என் பதற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள், அதனால் 'அவள்' என்றே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தொழிலில் பதற்றம் ஒரு தகுதி மாதிரி. ஒரு கணக்கை ஏழு முறை சரிபார்த்தால் வெளியே பைத்தியம் என்பார்கள், இங்கே கவனமானவர் என்பார்கள். ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, அனுப்பியதைப் பதினான்கு தடவை படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரீஸர் ஓடுகிறதா என்று பார்க்கப் பேருந்து பிடித்து வருவேன். "என்ன சார், பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் இறங்கலையா?" என்று வாசல் காவலாளி சிரிப்பார். பதினெட்டு வருடத்தில் என் ஆய்வில் ஒரு தவறு வந்ததில்லை. ஒரு வேளைச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியதும் இல்லை.

அவளுக்கு ஆய்வகத்தில் 'பாத்துக்கலாம்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அதுதான் பதில். அறிக்கை நாளைக்குக் கொடுக்க வேண்டுமே என்றால் பாத்துக்கலாம். மைக்ராஸ்கோப் விளக்கு போய்விட்டதே என்றால் பாத்துக்கலாம். வீட்டுக்குப் போகும் பேருந்தில் தூங்கி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே ஒரு நல்ல காபிக் கடையைக் கண்டுபிடித்துவிட்டு வருவாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம். ஆனால் மடியில் கனம் இருந்தது. தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் ஒரு அரிய நோய் வந்த இருபத்துமூன்று குழந்தைகளின் தோலிலிருந்து துளி துளியாக எடுத்து, அந்தச் செல்களை வளர்த்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்தாள். அந்தக் குழந்தைகளில் ஒன்பது பேர் இப்போது இல்லை. அதாவது மறுபடி எடுக்க முடியாது. மற்றவர்களின் அம்மாக்கள் மாதம் ஒருமுறை அவளுக்குப் போன் செய்வார்கள். "மருந்து வருதாம்மா?" என்பார்கள். அவர்களிடம் மட்டும் அவள் பாத்துக்கலாம் என்று சொல்லமாட்டாள். "வந்துட்டிருக்கு, நான் விடமாட்டேன்" என்பாள்.

உங்களில் ஒருவர் நிர்வாகத்திலிருந்து வந்திருப்பதால் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். செல்களை வளர்க்கும் தட்டுக்கு அடி ஒன்று, மூடி ஒன்று. எது யாருடைய செல் என்று பேனாவால் அடியில்தான் எழுத வேண்டும். மூடியில் எழுதக் கூடாது, ஏனென்றால் மூடி மாறினால் பெயரும் மாறிவிடும். முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அவள் மூடியில்தான் எழுதுவாள். அடியில் எழுதினால் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது எழுத்து குறுக்கே வருகிறதாம். அவளிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். "மூடி தானா நடந்து போயா மாறும், அண்ணா?" என்று சிரிப்பாள். தானாக மாறாது என்பதில் அவள் சொன்னது சரி.

போன வருடம் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கத் தொடங்கினேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர், என்னைவிட நிறைய மறப்பவர். "ஒரு நோட்டு போடுங்க. பதற்றம் எவ்வளவுன்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எழுதுங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும். அன்னிக்கு என்ன நடந்ததுன்னும் ரெண்டு வரி எழுதுங்க" என்றார். எழுதினேன். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது, ஏழு. மூன்று மாதத்துக்கு இப்படியேதான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு என்று எழுதியிருக்கிறேன். அன்று காலை, தட்டுகளை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவு திறந்து கிடந்தது. கொக்கி தளர்ந்துபோயிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் கடைசியாகத் திறந்தவள் அவள். முகம் வெளுத்து என்னிடம் வந்தாள். "அண்ணா, நான் மூடினேனா? நீங்க பாத்தீங்களா? எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது." அவள் கை நடுங்குவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என் கை நடுங்கவில்லை என்பதையும் அன்றுதான் பார்த்தேன். அவளை உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், பதறாத காரியம் சிதறாது என்று சொன்னேன். நான் ஒருவருக்கு அதைச் சொன்னேன் என்றால் என் மனைவி நம்பமாட்டாள். அன்று மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அறிவியல் படித்தவன் ஒரு நாளை வைத்து முடிவுக்கு வரமாட்டான். தூக்கத்தைப் பார்த்தேன், காபியைப் பார்த்தேன், மனைவி ஊரில் இல்லாததால் இருக்குமோ என்றும் பார்த்தேன். மனைவி ஊரில்தான் இருந்தாள். மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அறையில் இவ்வளவு பதற்றம்தான் இருக்க முடியும் போலவும், அன்றைக்கு அதில் பாதியை இன்னொருவர் தூக்கிக்கொண்டது போலவும் எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டும்.

தினமும் காலையில் ஒரு நாணயத்தைச் சுண்டுவேன். பூ விழுந்தால் ஒன்றும் செய்யமாட்டேன். தலை விழுந்தால் அவள் வருவதற்கு முன் இரண்டு தட்டுகளின் மூடிகளை மாற்றி வைப்பேன். கையுறை போட்டு, சுத்தமான காற்றுப் பெட்டிக்குள் வைத்துத்தான் மாற்றினேன். ஒரு தூசி விழ விட்டதில்லை. ஒரு குழந்தையின் செல்கள் நீளமாக, வரிசையாக வளரும், இன்னொன்றின் செல்கள் கூழாங்கல் போல வளரும். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள், பெயரைப் பார்ப்பாள், மறுபடி பார்ப்பாள். ஆய்வகத் தலைவரைக் கூட்டிவர ஓடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் மூடிகளை அந்தந்த இடத்தில் வைத்துவிடுவேன். தலைவர் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும். "லீவு போட்டு ரெண்டு நாள் நல்லா தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மொத்தம் அறுபத்திரண்டு வேலை நாட்கள். தலை விழுந்த நாட்கள் இருபத்தொன்பது. அந்த நாட்களில் என் சாயங்கால எண் சராசரியாக இரண்டரைக்கும் கீழே. மற்ற நாட்களில் ஏழு. இவ்வளவு சுத்தமான தரவு என் ஆய்வில் ஒருபோதும் கிடைத்ததில்லை. பிரசுரிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

மனிதர்கள்மீது சோதனை செய்தால் அவர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். ஆனால் நோட்டில் இருப்பது என் எண். சோதனைக்கு உட்பட்டவன் நான். என்னிடம் நான் ஒப்புதல் வாங்கியிருந்தேன்.

அவளை நான் தனியாகத் தவிக்க விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அவள் மாறிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு படியிலும் நான் பக்கத்தில் இருந்தேன். கதவை மூடியதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். என் மருத்துவரின் எண்ணையும் கொடுத்தேன். மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து எதெதற்கெல்லாம் பயப்படுகிறோம் என்று பேசுவோம். நான் சொன்ன ஜோக்குகளுக்கு அவள் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. "நீங்க இல்லேன்னா நான் பைத்தியம் ஆயிருப்பேன், அண்ணா" என்று ஒருமுறை சொன்னாள். அவள்மேல் எனக்கு உண்மையான பாசம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வீட்டில் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா என்ன? பூட்டை ஒரு தடவைதான் இழுத்தீங்க."

மூன்றாவது மாதக் கடைசியில் பூ விழுந்த நாட்களிலும் என் எண் இறங்கத் தொடங்கியது. நான் ஒன்றும் செய்யாத நாட்களிலும் அவள் மூடிகளைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்களை அடியிலும் எழுதத் தொடங்கியிருந்தாள், எழுதும்போதே மாற்றி எழுதியிருந்தால் என்று அதையும் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன் பிறகு நாணயம் தேவைப்படவில்லை. கடைசி மூன்று வாரம் நான் ஒரு மூடியைக்கூடத் தொடவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை மணிக்கு ஒரு தாளுடன் என்னிடம் வந்தாள். மூடிகள் எப்போதிலிருந்து மாறத் தொடங்கின என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. போன மாதம்தானா? போன வருடமா? ஒருவேளை முதலிலிருந்தேவா? அப்படியென்றால் அந்தத் தட்டுகளிலிருந்து உறைய வைத்த எந்தக் குப்பியில் எந்தக் குழந்தை இருக்கிறது? தவறான குழந்தையின் செல்லில் மருந்தைச் சோதித்து, அது வேலை செய்கிறது என்று ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டால்? சொல்லிக்கொண்டே தாளை நான்காக மடித்தாள், பிரித்தாள்.

"எல்லாத்தையும் மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்பிடட்டுமா, அண்ணா? ரெண்டு மாசம் ஆகும். ஆனா தெரிஞ்சுடும்."

நல்ல யோசனை. சரியான யோசனை. அனுப்பியிருந்தால் இருபத்துமூன்றும் சரியாக இருக்கிறது என்று வந்திருக்கும், ஏனென்றால் நான் மாற்றிய ஒவ்வொரு மூடியையும் திருப்பி வைத்த நேரத்தோடு நோட்டில் எழுதியிருந்தேன். அந்த நோட்டு அப்போது என் கோட்டுப் பையில்தான் இருந்தது.

"அனுப்பற ட்யூப்லயே பேர் மாறியிருந்தா?" என்றேன்.

அவள் தாளை மறுபடி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மிகவும் மெதுவாக, "சந்தேகம் வந்தா தூக்கிப் போட்டுடணும், இல்ல?" என்றாள். அதுவும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆமாம் என்றேன். அது விதிதானே.

இன்குபேட்டரிலிருந்த தட்டுகள் முதலில் போயின. தொட்டியிலிருந்து பெட்டிகளை எடுக்க நானும் உதவினேன். ஒவ்வொரு குப்பியாக எடுத்து, அந்தக் குழந்தையின் எண்ணைப் படித்து, செல்களை அழிக்கும் கொதிநீராவிப் பாத்திரத்துக்குப் போகும் பையில் போட்டாள். ஒன்பதாவது குப்பிக்குப் பிறகு அழத் தொடங்கினாள். நாற்பது நிமிடம் ஆனது. பாத்திரத்தின் மூடியை நான்தான் திருகி அடைத்தேன், அது கொஞ்சம் கெட்டியானது. சாயங்காலம் நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு பூஜ்யம் அது. சந்தேகம் வந்து மறுபடி யோசித்துப் பார்த்தேன், பூஜ்யம்தான்.

மறுநாள் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, போனை எடுப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். அந்த அம்மாக்கள் இப்போது எங்கள் அறைக்குப் போன் செய்கிறார்கள். நான் எடுத்து, விசாரணை நடக்கிறது, முடிவு தெரிந்ததும் சொல்கிறோம் என்று முறையாகப் பதில் சொல்கிறேன்.

ஆகவே என் வாக்குமூலம் இதுதான். அவள் எதையும் கலக்கவில்லை. அவள் எழுதிய பெயர்கள் எல்லாமே சரி. தவறே இல்லாத ஒருத்திக்குத் தவறு செய்துவிட்டோமோ என்ற பயத்தை நான் கொடுத்தேன், அந்தப் பயத்தில் அவள் சரியானவற்றை அழித்தாள், அழிப்பது தேவையில்லை என்று தெரிந்தே நான் பக்கத்தில் நின்று உதவினேன். நோட்டை மேஜைமேல் வைத்திருக்கிறேன். அவள் பெயரில் ஒரு கறையும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் யாரும் கேட்காமலே இதையெல்லாம் சொல்கிறேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்பதைப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், அதில் அவசரமில்லை.

அவசரமானது வேறு. அவள் போய் ஆறு வாரம் ஆகிறது. முதல் வாரம் நான்கு, அடுத்த வாரம் ஏழு, இப்போது ஒன்பதுக்குக் கீழே இறங்குவதில்லை. நேற்று பூட்டை எத்தனை முறை இழுத்தேன் என்று மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அதனால் குழுவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவளை உடனே திரும்பக் கூப்பிடுங்கள், பழைய பதவியிலேயே, முழு மரியாதையோடு. மறுபடி ஆரம்பிக்க அவள் பயப்படுவாள், நிச்சயம் பயப்படுவாள், ஆரம்பத்தில் யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவளுடைய மேஜையை மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.