வாப்பா சுட்ட காட்டெருமை

ஒரே ஒரு காடாம், அந்தக் காட்டுல ஒரே ஒரு காட்டெருமையாம். அப்டித்தான் சார் எங்க வாப்பா எப்பவும் ஆரம்பிப்பாரு. மொட்டக் கடுதாசிய நம்பி வந்து வாசல்ல நின்னு கேட்டீங்களே, இன்னிக்கும் அதேதான். எழுபத்தாறுல சுட்டேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. வேட்டயாடக் கூடாதுன்ற சட்டம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்றீங்க. சரி சார். ஜீப்புல ஏத்துறதுக்கு முன்னாடி நான் சொல்றத கேட்டுடுங்க. கொஞ்சம் மெதுவா பேசலாம். உள்ள உக்காந்திருக்கறது மாப்பிள்ள வூட்டாளுங்க. எங்கக்கா அக்தருக்கு இன்னிக்கு நிச்சயம்.

பேரா? கௌஸ் மைதீன். அவரு பையன்தான்.

அவரு துப்பாக்கியத் தொட்டதே கெடையாது சார். எறா ஏவாரி. பஜார்ல மாடு முட்ட வந்தா கூடைய அப்டியே போட்டுட்டு ஓடுற ஆளு. நெசமாத்தான் சார், யார வேணா கேளுங்க. ஆளு ஒசரம் இருந்துச்சு, நாலு காலுக்கும் வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாரில்ல, அதெல்லாம் ஏதோ காலண்டர் படத்துல பாத்தது.

செவுத்துல மாட்டியிருக்கற அந்தக் காட்டெரும தலையா? மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில வாங்குனது. எந்த தொர வூட்ல மாட்டியிருந்துச்சோ. சாக்குல சுத்தி, பொன்னேரிலேர்ந்து பஸ் மேல கட்டிக் கொண்டாந்தாரு. கழட்டிப் பாருங்க, கடக்காரன் சாக்பீஸ்ல போட்ட நம்பரு பின்னாடி இன்னும் இருக்கு. எடது கண்ணு கோலிகுண்டு, நான் வச்சது. வாங்குனதும் தப்புதான்னா அந்தத் தப்ப எழுதிக்குங்க.

எதுக்குப் பொய்யா? எழுபத்தாறுல ஏழு மாசம் அவரு ஊர்லயே இல்ல சார். எங்கன்னு படகுத்தொற முழுக்கக் கேட்டாங்க. மர கான்ட்ராக்டரோட காட்டுக்குப் போயிருக்காருன்னு உம்மா ஒரு வார்த்த சொல்லிட்டாங்க. திரும்பி வரும்போது பாதி ஆளா வந்தாரு. காட்டுக் காய்ச்சல்னோம். காட்டுக்குப் போனதுக்கு எதாச்சும் காட்டணுமில்ல, அதான் தலை. அப்பால யாரு வந்தாலும் கத. வாணாம் வாப்பான்னா, நிறுத்துனா மறுபடி எங்க போயிருந்தேன்னு கேப்பாங்கடான்னுவாரு. அஞ்சு வருசமா அந்தக் காட்ட வுட்டு வெளிய வர முடியல சார் எங்களால.

அப்ப எங்கதான் இருந்தாரா?

அத சொல்லியே ஆவணுமா? சொல்லலன்னா இட்டுனு பூடுவீங்க, இல்ல?

இந்தாங்க. உங்க ஜீப்பு சத்தம் கேட்டதுமே பெட்டிலேர்ந்து எடுத்து வச்சுக்கினேன். ஆஸ்பத்திரி சீட்டு. சேத்த தேதி, வுட்ட தேதி, ரெண்டும் இருக்கு. டிபி சார், வேற ஒண்ணுமில்ல. இப்ப சுத்தமா கொணமாயிடுச்சு. ஆனா டிபி வூட்ல யாரு பொண்ணு எடுப்பாங்க.

சார், வாய்வுட்டுப் படிக்காதீங்க. மனசுக்குள்ள படிங்க.

சார்.

உள்ள பேச்சு நின்னுடுச்சு பாருங்க.

இப்டி தள்ளி நில்லுங்க சார், அவங்க செருப்பு போடணும். முன்னாடி போறது மாப்பிள்ளையோட மாமு. பின்னால அவங்க உம்மா. நிச்சயத்துக்குக் கொண்டாந்த தட்டத் திரும்ப எடுத்துட்டாங்க. உங்கள ஒண்ணும் சொல்லல சார், நீங்க எழுத வேண்டியத எழுதுங்க.

அந்தப் பச்ச சட்டதான் மாப்பிள்ள, ஜலீல். இன்னும் நெலப்படியிலயே நிக்கிறாரு. அக்கா இருக்கற ரூம் பக்கம் பாக்குறாரு.

செருப்பு போட்டுக்கினாரு.

தெரு மொனயத் தாண்டிட்டாரு சார்.