லார்க்கின் ஓடைக்கு ஓர் ஆதரவுக் கடிதம்

பத்தொன்பது வருடங்களில் நான் ஒரு விண்ணப்பத்தைக்கூடக் கடைசி நாள் தாண்டி அனுப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹாலிஸ். ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் அவன் சொல்வதைக் கேட்பது கஷ்டம்.

விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தீ வந்த புதன்கிழமை மத்தியானம் மார்லிஸ் ஹாகென் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது என்னோடு. என்ன பேசினோம் என்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் நான் கெட்டவனாகத் தெரிவேன். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எங்கள் நீர்ப்பிடிப்புச் சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். கெட்டுப்போன ஓடைகளைச் சரிசெய்ய மாநில அரசு மானியம் தருகிறது. அதை எழுதி வாங்கி, மரம் நட்டு, மீனுக்கும் பறவைக்கும் இடம் பண்ணிக் கொடுப்பது என் வேலை. உங்கள் மகளையும் அவள் வகுப்பையும் கூட்டிவந்து வில்லோ குச்சி நடவைத்தது நான்தான். அதை மான் தின்றுவிட்டது. மானுக்கு வேலி போட இன்னொரு மானியம் வாங்கினேன்.

விண்ணப்பத்தின் முதல் கேள்வியே, ஓடை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான். வெளியாருக்கு இது புரியாது. நன்றாக ஓடுகிற ஓடைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். நோயாளி இருந்தால்தானே வைத்தியர். லார்க்கின் ஓடை அருமையான நோயாளி. ஆள் உயரத்துக்குக் கரை அரித்து, அடிப்பாறை தெரிய, ஜூலையிலேயே வற்றிவிடும். அதற்காக மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றேன். நான்காவது முறை பட்டியலில் ஏறியது. மே மாதம் மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். இதுவும் போனால் சங்கத்தை மூடிவிடலாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓடைகளைப் பற்றி எழுதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அந்தப் பனிக்காலத்துக்குச் சற்று முன்னால்தான் பீவர்கள் வந்தன. ஏழு. யாரும் அழைக்கவில்லை. பல்லால் மரத்தைச் சாய்த்து, கிளையை இழுத்துப்போட்டு, சேற்றை அப்பி, பனி உருகுவதற்குள் மார்லிஸின் மேல்புல்வெளியில் ஓடைக்குக் குறுக்கே நான்கு அணை கட்டிவிட்டன. தண்ணீர் தேங்கி, புல்வெளி முழுக்க ஊறி, வாத்துகூட வந்து இறங்கிவிட்டது.

மார்லிஸை உங்களுக்குத் தெரியும். கணவர் போன பிறகு நாற்பத்து மூன்று மாடுகளைத் தனியாக நின்று மேய்த்தவர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவர். மார்ச் கடைசியில் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அங்கே கூட்டிப்போய் நிறுத்தினார்.

“பாத்தியாப்பா வென்டெல்? பத்தொம்பது வருஷமா நீ காகிதத்துல ஓடையைச் சரி பண்ணிட்டிருக்கே. இதுங்க ஒரே பனிக்காலத்துல முடிச்சிருச்சுங்க. ஒரு ஃபாரம் நிரப்புச்சுங்களா? ஒரு கூட்டம் போட்டுச்சுங்களா?”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பூட்ஸ் காலைச் சேற்றில் அழுத்திக் காட்டினார். “இனிமே தீ வந்தாக் கவலையில்ல. மாட்டையெல்லாம் இங்க ஓட்டியாந்து நிறுத்திருவேன். சொதசொதன்னு இருக்கற எடத்துல தீக்கு என்ன வேலை?”

நல்ல கருத்து. குறித்துக்கொண்டேன். விண்ணப்பத்தில் ‘எதிர்பார்க்கும் பலன்கள்’ பகுதிக்கு உதவியது.

நான் அவசரப்படுகிறவன் இல்லை. குழுவுக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். சொன்னால், மிக்க மகிழ்ச்சி, பணத்தை வேறு ஓடைக்குக் கொடுக்கிறோம் என்பார்கள். ஒரு பிராணி செய்த வேலை நிலைக்குமா? அதற்குப் பத்தாண்டுத் திட்டம் உண்டா, கண்காணிப்பு அறிக்கை உண்டா? நாளைக்கே அதற்கு மனம் மாறி வேறு ஓடைக்குப் போய்விட்டால் பொறுப்பு யார்?

ஏப்ரலில் மார்லிஸ் முழங்கால் அறுவைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பொறிகளைத் தண்ணீருக்கு அடியில் வைத்தேன். அப்படி வைத்தால் ரத்தம் வராது. பீவர் கால்மணி நேரம் மூச்சடக்கும் என்று படித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் கொடுத்தேன். அரைகுறையாக விடுவது பாவம். கடைசி இரண்டும் குட்டிகள், அவற்றுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

பிறகு கொக்கியாலும் மண்வெட்டியாலும் அணைகளைத் திறந்தேன். இரண்டு நாளில் தண்ணீர் இறங்கியது. ட்ரவுட் மீன்குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. எண்ணினேன், இருநூற்றுப் பதினான்கு. ‘வாழிடம் இல்லாததால் நேர்ந்த மீன் இறப்பு’ என்று அட்டவணையில் சேர்த்தேன். ஒன்றைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ஓடைக்குள் இறங்கி வேலை செய்ய ஜூலை நடுவிலிருந்துதான் அனுமதி, மீன்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக. நான் ஏப்ரலில் இறங்கிவிட்டேன். அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

மே மாதம் குழு வந்தது. அதில் ஒரு பெண் கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்படி நொந்துபோன ஓடையை நான் பாத்ததே இல்ல,” என்றார். என் கைக்குட்டையை நீட்டினேன்.

எங்கள் திட்டம் எளிமையானது. ஓடையில் மரக்கம்பங்களை அடித்து, வில்லோ கிளைகளைப் பின்னி, சேறு பூசி, பீவர் கட்டியதுபோலவே பதினோரு அணைகள். ‘நோக்கம்’ என்ற கட்டத்தில், பீவர்கள் தாமாகத் திரும்பிவரும் சூழலை உருவாக்குதல் என்று எழுதியிருந்தேன். பழைய அணைகளின் கட்டைகளை வீணாக்காமல் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கி வைத்தேன். உள்ளூர்ப் பொருளுக்குத் தனி மதிப்பெண் உண்டு. வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளைக்குப் பேப்பரில் போடுவார்கள். மேய்ந்தது மறுபடி விதைக்கத்தான் என்பதைப் போடமாட்டார்கள்.

ஜூனில் மார்லிஸைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா இது, கீழ ஓடை நூலாட்டம் ஓடுது?”

“மேல பீவருங்க தேக்கி வச்சிருக்குங்க, மார்லிஸ்.”

“கெட்டிக்காரப் பசங்க,” என்று சந்தோஷப்பட்டு எனக்கு ருபார்ப் கேக் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முழங்காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவர்மேல் எனக்கு உண்மையான அக்கறை இருந்தது.

ஜூலையில் மானியம் கிடைத்தது. ஒப்பந்தத்தில் நில உரிமையாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் தீ வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழைப்பை எடுத்ததுமே மாடுகள் கத்துவது கேட்டது.

“வென்டெல், மலைமுகட்டைத் தாண்டி வந்திருச்சுப்பா. மாட்டோட நடுவழியில நிக்கறேன். கீழ கல்குவாரிக்குப் போகவா, மேல்புல்வெளிக்குப் போகவா? குவாரி தூரம், ஆனா வெறும் கல்லு, எரிய ஒண்ணுமில்ல. மேல ஈரம் இருக்குதானே? நீதானே வாராவாரம் போய் அளக்கறே.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் மறுநாள் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லையென்றால் பதினோரு அணை இல்லை, பீவர்கள் திரும்பி வராது, ஓடை காலத்துக்கும் காய்ந்தே கிடக்கும். யாராவது ஒருவர் ஓடையின் நீண்டகால நலனைப் பார்க்க வேண்டாமா?

“ஈரமாத்தான் இருக்கு, மார்லிஸ். தாராளமா ஓட்டிட்டுப் போங்க.”

“நல்லவேளை, நீ இருந்தே,” என்றார்.

அந்த ஒன்றரை நிமிடம் அவ்வளவுதான். மேல்புல்வெளியில் புல் இடுப்பளவு காய்ந்து நின்றிருக்கும் என்று உங்கள் அறிக்கையில் பார்த்தேன். சரியான கணிப்பு. அதற்கு முந்தின திங்கட்கிழமை என் குறிப்பிலும் அதையேதான் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் நகல் தருகிறேன்.

நிலம் இப்போது பாய்ஸி நகரத்தில் இருக்கிற அவருடைய அண்ணன் மகனுக்கு வந்திருக்கிறது. நல்ல பையன், துக்கத்திலும் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான். நிலம் எரிந்துவிட்டதால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எரிந்த நிலத்துக்குப் பத்து மதிப்பெண் கூடுதல் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ‘மார்லிஸ் ஹாகென் நினைவு மறுசீரமைப்புத் திட்டம்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்கு நான் செய்யக்கூடியது அதுதான்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி, ஹாலிஸ். உங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆதரவுக் கடிதம் இருந்தால் பலமாக இருக்கும். ஒரு பக்கம் போதும். மார்லிஸுக்கு அந்த ஓடைமேல் எவ்வளவு பிரியம் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கைவிலங்கையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கையில் இருக்க வேண்டும். கடைசி நாளை நான் தவறவிட்டதில்லை என்று சொன்னேனே.