முப்பத்திரண்டு கிலோமீட்டரும் இரண்டு நிமிடமும்

அன்று காலை கிடங்கில் இருந்தவர்கள்: நான், என் அக்காவின் கணவர், கேட்டுக்கு வெளியே ஒரு நாய். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. நாய் கடைசி இரண்டு கிலோமீட்டர் எங்களோடு ஓடி வந்தது. மூவரில் அதற்குத்தான் மூச்சு வாங்கவில்லை.

மாரத்தான் ஓடலாம் என்று சொன்னது மச்சான்தான். நான் எதையும் முடித்துப் பழகாதவன். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். அதன்பின் ஒன்பது வருடமாக இந்தக் குளிர்பதனக் கிடங்கில் நைட் ஷிப்ட். வெப்பநிலையைக் குறிப்பது, கதவுகளைப் பூட்டுவது. மச்சானுக்கு அங்கேயே பகலில் ஆபீஸ் வேலை.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர், மாப்ள. இதையாவது முடி. நான் கூடவே ஓடுறேன்" என்றார். என்னிடம் அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம். பதினாறு கிலோமீட்டரில் தொடங்கி வாரம் இரண்டிரண்டாகக் கூட்டினோம். பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இருபதைத் தாண்டினால் கால்கள் யாருடையவோ போலாகிவிடும், வாய் மட்டும் நம்முடையதாக இருக்கும். பொய் சொல்லத் தெம்பு மிஞ்சாது.

ஓடி முடித்ததும் கிடங்குக்கு வருவோம். சாவி என்னிடம். குளிர் அறையில் இரண்டு நிமிடம் நின்றால் தொடைவலி போய்விடும் என்று மச்சான் எங்கோ படித்திருந்தார். கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்திருந்தது. அதனால் ஒருவர் உள்ளே, ஒருவர் கதவைப் பிடித்தபடி வெளியே. "மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாத, மாப்ள. மீனுன்னு நெனச்சு உங்கக்கா வறுத்துடுவா" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே ஜோக். நானும் ஒவ்வொரு வாரமும் சிரித்தேன்.

இருபத்தாறு ஓட வேண்டிய ஞாயிறன்று, ஷிப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே பூட்டிவிட்டேன். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை. ஒரு லோடுமேன் இருந்தார். மூன்று மணி நேரம் கழித்து, தொடையைக் குளிரவைக்க வந்த நாங்களேதான் அவரைத் தூக்கி வெளியே போட்டோம். பிழைத்துக்கொண்டார். நான்கு விரல்கள் போயின.

குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன், குடித்துவிட்டு மூலையில் படுத்திருந்தார் என்று எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தப்பு அவருடையது என்று ஆனதால் கைப்பிடியை யாரும் மாற்றவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு, இருபத்துநான்காவது கிலோமீட்டரில் மச்சானிடம் சொல்லிவிட்டேன். "பூட்டினப்புறம் தட்டுற சத்தம் கேட்டுச்சு, மச்சான். கம்ப்ரசர்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு, "மூச்சைப் பாத்து விடு, மாப்ள" என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு முப்பது கிலோமீட்டர் பக்கத்திலேயே ஓடினார். ஷூவைப் பற்றிப் பேசினார். அக்காவின் குறட்டையைப் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"தட்டுற சத்தம் கேட்டும் போயிருக்க. திங்கட்கிழமை சாவியக் குடுத்துட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சேரு."

தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது மச்சானைத் தவிர யாருக்கும் தெரியாது. மாரத்தானுக்கு மூன்று வாரம் இருந்தது.

லோடுமேனுக்கு நியாயம் கிடைக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மச்சான் அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

அதனால் அந்த ஞாயிறும் ஓடினேன். முப்பத்திரண்டு. "வேற என்ன விசேஷம், மச்சான்?" என்று மூன்று முறை கேட்டேன். எட்டில், பத்தொன்பதில், முப்பதில். மூன்றாவது முறைதான் வாய் திறந்தார்.

"ரேஸ் முடியட்டும். ஒண்ணு பேசணும்."

"இப்பவே பேசுங்களேன்."

"வேணாம், மாப்ள. உன் ஓட்டம் கெட்டுடும்."

நான் மாரத்தானை முடிக்கும்வரை பொறுக்கச் சொல்லி அவர் மேனேஜரிடம் கெஞ்சினார் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். என்னிடம் சொல்லவில்லையே.

கிடங்குக்கு வந்தோம். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று போனை என்னிடம் கொடுத்தார். "ரெண்டே நிமிஷம். டீ குடிக்கப் போயிடாத" என்றார். நான் சிரித்தேன். ஈர பனியனோடு, நொண்டிக்கொண்டே உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை, கதவை நான் பிடித்திருக்கிறேன் அல்லவா.

தயவுசெய்து இதைக் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். போன தடவை நான் செய்த தவறு, பார்க்காமல் பூட்டியது. அதை இந்த முறை திருத்திக்கொண்டேன். தலையை உள்ளே விட்டு நன்றாகப் பார்த்தேன். ஆள் இருந்தார். கதவைச் சாத்திப் பூட்டினேன்.