ஒரே பெட்டியில் எறும்பும் வண்டும்

எறும்பு: மெதுவா... மெதுவா. உங்க பக்கம் இறங்குது.

வண்டு: என் பக்கம் இறங்கல. உங்க பக்கம்தான் ஏறுது.

எறும்பு: சர்வரைத் தூக்கி ரேக்ல வைக்கிறதுலயுமா வாதம்?

வண்டு: ஆறு வருஷமா இணையத்துல போட்ட சண்டை. நேர்ல பார்த்த உடனே விட்டுடுமா... ம், உட்கார்ந்துருச்சு. திருகைப் போடுங்க.

எறும்பு: நீங்க இப்படி இருப்பீங்கன்னு நினைக்கல.

வண்டு: எப்படி?

எறும்பு: நீங்க எழுதறதைப் படிச்சா பெரிய மீசை, சிவந்த கண்ணுன்னு தோணும். நேர்ல பார்த்தா, தோள்ல குழந்தை கக்கின பால் கறை.

வண்டு: எங்க... இங்கயா? துடைச்சேனே. பையனுக்கு ஒரு வயசு. தோள்ல போட்டாதான் தூங்குவான். நீங்க மட்டும் என்னவாம்? ப்ரோக்ராமுக்கு எறும்புன்னு பேர் வச்சீங்க, ஊரே உங்களை எறும்புன்னு கூப்பிடுது. கடிச்சிருவீங்களோன்னு பயந்துட்டே வந்தேன்.

எறும்பு: வண்டு மட்டும் கொஞ்சுமா? முகப்புல என்ன எழுதி வச்சிருக்கீங்க? "பெரிய கோப்பைச் சுருக்கறதுல உலகத்துலயே வேகமானது வண்டு." யாரைக் கேட்டு எழுதினீங்க?

வண்டு: என் லேப்டாப்பைக் கேட்டு.

எறும்பு: என் லேப்டாப் எறும்புதான் வேகம்னு சொல்லுது.

வண்டு: காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

எறும்பு: அந்த லேப்டாப்பும் இன்னைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்லாது. சூடானா மூச்சு வாங்கும், வேகம் இறங்கிடும். ஃப்ரிட்ஜ் பக்கத்துல வச்செல்லாம் அளந்து பார்த்தேன்.

வண்டு: நான் ஜன்னலோரம். மழை உள்ள வந்து கீபோர்டு போச்சு.

எறும்பு: அதான் சொல்றேன், இந்தச் சர்வரைக் குடுத்த கம்பெனி நல்லா இருக்கணும். அறுபத்து நாலு கோர், ஒரே நேரத்துல அறுபத்து நாலு ஆள் வேலை பார்க்கற மாதிரி, வேற ஒரு வேலையும் ஓடாது, அளக்கிறதுக்கு மட்டும். ரூம் குடுத்து, கரண்ட் குடுத்து, ஏசியும் போட்டு... ஒரே ஒரு நிபந்தனை, அளந்தது எதுவா இருந்தாலும் மறைக்காம வெளியிடணும். அவ்வளவுதான்.

வண்டு: நியாயமான நிபந்தனை.

எறும்பு: நாம ப்ரோக்ராமைத் திறந்து வச்சு ஊருக்கே சும்மா குடுக்கறோம். எடுத்துட்டுப் போறவங்க பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இவங்க தேடி வந்து குடுக்கறாங்க. ஃபோன் வந்தப்ப நான் நம்பவே இல்ல. ராங் நம்பர்னு வச்சுட்டேன்.

வண்டு: வச்சுட்டீங்களா?

எறும்பு: நல்லவேளை, ஃபோன் பண்ண கம்பெனி அம்மா மறுபடியும் கூப்பிட்டாங்க. "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சர்வர்"னு சொன்னாங்க. உங்க பேரைக் கேட்டதும் புரிஞ்சிருச்சு. குடுத்தது உங்களுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க எதிராளி ஒருத்தர் வேணுமேன்னு என்னையும் சேர்த்திருக்காங்க. நெல்லுக்குப் பாயற தண்ணி புல்லுக்கும் கொஞ்சம்...

வண்டு: ...அந்தக் கேபிளைக் குடுங்க.

எறும்பு: எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல. கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது. அதனால, நன்றி சார். சொல்லிடணும்னு இருந்தேன்.

வண்டு: சார் வேண்டாம். கேபிள் போதும்... போடவா?

எறும்பு: ஒரு நிமிஷம்... ம், போடுங்க.

வண்டு: ஸ்விட்ச் போட்டாச்சு.

எறும்பு: என்னங்க இந்தச் சத்தம், விமானம் கிளம்பற மாதிரி.

வண்டு: அவமானமா? யாருக்கு?

எறும்பு: விமானம்னேன். அவமானம் யாருக்குன்னு இன்னும் கொஞ்ச நேரத்துல தெரியும். முதல்ல என்னோடது போடறேன்.

வண்டு: பெண்கள் முதல்ல. போடுங்க, போடுங்க.

எறும்பு: ...இங்க வந்து பாருங்களேன். பத்து தடவை ஓட விட்டேன். பத்தும் ஒண்ணு போல இருக்கு.

வண்டு: மயிரிழை கூட மாறல.

எறும்பு: எத்தனை வருஷமா இப்படி ஒண்ணைப் பார்க்கணும்னு... என்ன, சிரிக்கிறீங்க?

வண்டு: சிரிக்கல. எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. தராசு இல்லாமலே வியாபாரம் பண்ணிட்டு இருந்திருக்கோம்.

எறும்பு: உங்க முறை.

வண்டு: இது புதுப் பதிப்பு. திங்கட்கிழமை வெளியிடறேன்னு அறிவிச்சாச்சு. நல்லாக் கண்ணைத் திறந்து பார்த்துக்கோங்க.

எறும்பு: நாலு கோர்... என்னை விட வேகம். ஒத்துக்கறேன்.

வண்டு: சத்தமாச் சொல்லுங்க, விமானத்துல கேக்கல.

எறும்பு: எட்டு... இன்னும் வேகம். பதினாறு...

வண்டு: ம்?

எறும்பு: பதினாறுல நின்னுருச்சு. ஏறல.

வண்டு: முப்பத்திரெண்டு போடுங்க.

எறும்பு: ...இறங்குது.

வண்டு: தப்பா ஓட விட்டிருப்பீங்க.

எறும்பு: நீங்களே போடுங்க. நான் கையைக் கட்டிக்கிறேன்.

வண்டு: தள்ளுங்க. அறுபத்து நாலே போடறேன்.

எறும்பு: அறுபத்து நாலுல... நாலு கோரை விட மெதுவா இருக்கு. என்னோடதை விடவும்.

வண்டு: பல மாச உழைப்பு. குழந்தையைத் தோள்ல போட்டுட்டு ஒத்தைக் கையால தட்டினது. என் லேப்டாப்ல இருக்கிறதே நாலு கோர்தான். நான் எங்க போய்ப் பார்க்கறது இதை...

எறும்பு: உட்காருங்க. அந்த அட்டைப்பெட்டி தாங்கும்.

வண்டு: திங்கட்கிழமை இது வெளியில போயிருந்தா? பெரிய மெஷின் வச்சிருக்கற ஒவ்வொரு இடத்துலயும் வேலையையே முடக்கியிருக்கும்.

எறும்பு: போகலையே. அதுக்குள்ள இந்தப் பெட்டி வந்துருச்சே.

வண்டு: ...ஆமா. அது வரைக்கும் வயித்துல பால். ஆனா இதையும் வெளியிடணும்ல? நிபந்தனை. நீங்க சந்தோஷப்படலாம், எறும்பு ஜெயிச்சிருச்சு.

எறும்பு: படலாம், அதுக்கு நேரம் இருக்கு. ப்ரோக்ராமைத் திறங்க. கீழ... இன்னும் கீழ. சுருக்கினதை எல்லாம் ஒண்ணாச் சேர்க்கற இடம். அங்கதான், நிறுத்துங்க.

வண்டு: இதுல என்ன?

எறும்பு: வேலைக்காரங்க அறுபத்து நாலு பேர். சாமான் அறை ஒண்ணு, சாவியும் ஒண்ணு. ஒருத்தர் உள்ள போனா மத்தவங்க வாசல்ல நிக்கணும். நாலு பேர்னா தெரியாது. அறுபத்து நாலு பேர்னா வேலை பார்க்கிற நேரத்தை விட வரிசையில நிக்கிற நேரம்தான் அதிகம்.

வண்டு: ...ஆளுக்கொரு அலமாரி குடுத்துட்டா?

எறும்பு: அதேதான்.

வண்டு: அட... ஆமா. திங்கட்கிழமையைத் தள்ளிப் போட்டா முடிச்சிடலாம்.

எறும்பு: தள்ளிப் போடுங்க, குடி முழுகாது. சரி பண்ணதும் மறுபடி அளந்து, இன்னைக்கு வந்ததையும் சேர்த்தே போடுங்க. மறைச்ச மாதிரியும் இருக்காது, தோத்த மாதிரியும் இருக்காது.

வண்டு: இருங்க. இவ்வளவு நீள ப்ரோக்ராம்ல நேரா அந்த இடத்துக்கு எப்படிப் போனீங்க? எழுதின நானே தேடணும்.

எறும்பு: ...திறந்துதானே வச்சிருக்கீங்க. யார் வேணா படிக்கலாம்.

வண்டு: படிக்கலாம். நீங்க மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.

எறும்பு: தண்ணி குடிக்கிறீங்களா?

வண்டு: பேச்சை மாத்தாதீங்க.

எறும்பு: ...நான் வேலை பார்க்கிறது ஒரு ரத்த வங்கியில. யார் குடுத்தாங்க, யாருக்குப் போச்சு, எல்லாப் பதிவையும் தினமும் சுருக்கிப் பத்திரப்படுத்தறது என் பொறுப்பு. அங்க ஓடறது... சிரிக்கக் கூடாது.

வண்டு: சொல்லுங்க.

எறும்பு: வண்டு.

வண்டு: எறும்பு இல்லையா?

எறும்பு: நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வண்டு குடியேறியாச்சு. பழைய பதிவெல்லாம் அதுல சுருக்கினது, எறும்புக்குப் பிரிக்கத் தெரியாது. வெளியில உங்களோட சண்டை, உள்ள உங்க சோறு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

வண்டு: அதுக்காகப் படிச்சீங்களா?

எறும்பு: போன வருஷம் ஒரு நாள் பதிவு பிரியல. உங்களுக்கு எழுதினேன், பதில் இல்ல. எத்தனையோ பேர் எழுதியிருந்தாங்க, யாருக்கும் பதில் இல்ல. ரத்த வங்கி காத்திருக்குமா? நானே உள்ள இறங்கிச் சரி பண்ணேன். பாவம்னு மத்தவங்களுக்கும் பதில் சொல்லிட்டு வந்தேன். வேற பேர்லதான். எறும்பு போய் வண்டைப் பழுது பார்க்குதுன்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? அதனால... "தையல்காரி"ன்னு.

வண்டு: அந்தத் தண்ணியைக் குடுங்க.

எறும்பு: கோபமா?

வண்டு: பையன் நாள் ஆகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்துட்டான். கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. என் மனைவி வார்டுல, நான் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். வண்டுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. எல்லாம் தேறி வீட்டுக்கு வந்தப்புறம்தான் வண்டோட பக்கத்தைத் திறந்தேன். மூட்டை மூட்டையா திட்டு இருக்கும், பார்த்துட்டுக் கடையை மூடிடலாம்னு. ஒரு திட்டு இல்ல. ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா பதில். கிழிஞ்ச இடமெல்லாம் தைச்சு வச்சிருந்தது.

எறும்பு: நீங்க நன்றி எழுதியிருந்தீங்க. பார்த்தேன். பதில் எழுதத்தான் கை வரல.

வண்டு: தெரியும்.

எறும்பு: என்ன தெரியும்?

வண்டு: தையல்காரி எதை அளந்தாலும் பக்கத்துல அறை எவ்வளவு சூடா இருந்ததுன்னும் எழுதுவாங்க. அப்படி எழுதற ஆள் உலகத்துல ஒருத்தர்தான். ஆறு வருஷமா அவங்களோட மல்லுக்கட்டறேன், எனக்குத் தெரியாதா?

எறும்பு: அப்போ... தெரிஞ்சேதான் இந்த ஒரு வருஷமும் என்னோட சண்டை போட்டீங்களா?

வண்டு: திடீர்னு நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமே.

எறும்பு: ...நல்ல ஆளுங்க நீங்க. சரி, சேர்ந்து இந்தக் கம்பெனிக்காவது ஒரு நன்றி சொல்லிடலாம். உங்களுக்குக் குடுத்ததுல எனக்கும் ஒரு பங்கு வச்சாங்களே.

வண்டு: சொல்லலாம். ஆனா நான் அவங்ககிட்ட போய்க் கேட்டது உங்களுக்கு மட்டும்தான். உங்க பேரைத்தான் குடுத்தேன். கேட்டு வந்த ஆளையும் சேர்த்துப்போம்னு என் பேரை எழுதினது அவங்க.